ஓடினால் தசை கரையுமா?

ஜிம்முக்குப் போகிறவர்களிடம் ஒரு பயம் உண்டு. 'ரொம்ப ஓடாதப்பா, கஷ்டப்பட்டு ஏத்தின மசில் எல்லாம் கரைஞ்சிடும்' என்று மாஸ்டர்கள் சொல்வார்கள். டிரெட்மில்லில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு இரும்புப் பக்கம் ஒதுங்கிவிடுவதுதான் வழக்கம். மாரத்தான்காரர்களுக்கு இதற்கு நேரெதிரான பயம்: எடை தூக்கினால் உடம்பு கனத்து ஓட்டம் மந்தமாகிவிடும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டிருக்கிறது ஹைராக்ஸ்.

2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்தது இந்தப் போட்டி. தொடங்கியவர்களில் ஒருவர், விளையாட்டுப் போட்டிகள் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட கிறிஸ்டியன் டோட்ஸ்கே. இன்னொருவர் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே. 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மன் ஹாக்கி அணிகளில் ஆடியவர். பெரிய கண்காட்சிக் கூடத்துக்குள் ஒரு கிலோமீட்டர் ஓட்டம், உடனே ஒரு பலப் பயிற்சி. இப்படி எட்டு முறை. கைகளால் கயிற்றைக் கீழே இழுக்கும் ஸ்கீ எர்க் இயந்திரத்தில் 1,000 மீட்டர், எடையேற்றிய சறுக்குச் சட்டமான ஸ்லெட்டைத் தள்ளி 50 மீட்டர், அதையே கயிறு பிடித்து இழுத்து 50 மீட்டர், விழுந்தெழுந்து தாவும் பர்ப்பி 80 மீட்டர், துடுப்பு இயந்திரத்தில் 1,000 மீட்டர், இரு கைகளிலும் எடையோடு 200 மீட்டர் நடை, தோளில் மணல் மூட்டையோடு, அடிக்கு அடி முழங்காலை மடித்து நடக்கும் லஞ்ச் 100 மீட்டர், கடைசியில் உட்கார்ந்தெழுந்து பந்தைச் சுவரின் இலக்கில் எறியும் வால் பால் 100 முறை. எந்த ஊரில் நடந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை. 2025-ல் மும்பைக்கும் வந்துவிட்டது. முன்னணி ஆண்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்பதே நல்ல நேரம்.

போஸ்டரில் எப்போதும் ஸ்லெட் தள்ளும் தொடைகள்தான் வரும். அதைப் பார்த்து இது பலசாலிகளின் போட்டி என்று நினைத்துவிடுகிறோம். 2025-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், பொழுதுபோக்காகப் பயிற்சி எடுக்கும் 11 பேரை முழுப் போட்டியையும் செய்யவைத்து அளந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட நேரம் ஓட்டத்திலேயே போயிருந்தது. உடம்பு உச்சபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் அளவான விஓ2 மேக்ஸ் அதிகமாக இருந்தவர்கள் சீக்கிரம் முடிக்கும் போக்கும் தெரிந்தது. 11 பேரை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் சாதாரணக் கணக்கும் இதையே சொல்கிறது: கிலோமீட்டருக்கு 10 வினாடி குறைத்தால் மொத்தத்தில் 80 வினாடி மிச்சம். ஸ்லெட்டில் மட்டும் அத்தனை வினாடிகளைப் பிடிக்க, மாதக்கணக்கில் தொடையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அப்படியானால் நிறைய ஓட வேண்டும். ஓடினால் பலம் போய்விடாதா?

இந்தப் பயம் வெறும் ஜிம் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இதற்கு ஓர் ஆய்வுக்கூடப் பூர்வீகம் இருக்கிறது. ஓட்டப் பயிற்சி தசைச் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது என்று 1967-ல் எலிகளை ஓடவைத்துக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாலோசி. அவருடைய ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தார் ராபர்ட் ஹிக்சன். எடை தூக்குவதில் ஆர்வமுள்ளவர். பேராசிரியர் தினமும் ஓடப் போவார். இவரும் கூடவே ஓட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் தன் பலம் குறைவதைக் கவனித்தார். பின்னாளில் அதையே ஆய்வாக்கி 1980-ல் வெளியிட்டார். ஒரு குழு எடைப் பயிற்சி, ஒரு குழு தாக்குப்பிடிக்கும் பயிற்சி, மூன்றாவது குழு இரண்டும். 10 வாரம். மூன்றாவது குழுவின் பலம் முதலில் எடைப் பயிற்சிக் குழுவைப் போலவே ஏறியது, பிறகு தேங்கியது, கடைசி வாரங்களில் இறங்கவே செய்தது.

இதில் எல்லாரும் மறந்துபோகிற விவரம் ஒன்று. அந்தக் குழு வாரத்தில் ஐந்து நாள் கால்களுக்குக் கனமான எடைப் பயிற்சியும், ஆறு நாள் முடிந்த அளவு வேகத்தில் ஓட்டமும் சைக்கிளும் செய்தது. அந்தச் சுமையை யாருடைய கால்தான் தாங்கும்? அவர்களின் ஓடும் திறன் குறையவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

2000-களில் மூலக்கூறு விளக்கமும் கிடைத்தது. செல்லில் ஆற்றல் குறையும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழிக்கிறது. அது தசை வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் புரதத்தை அடக்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எலியின் தசையில் தெளிவாகத் தெரிந்த இந்த மோதல், மனிதர்களிடம் அவ்வளவு சுத்தமாகத் தெரியவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ம் ஆண்டு அலசல், இரண்டு பயிற்சியையும் சேர்த்துச் செய்வதால் தசையின் அளவோ உச்ச பலமோ பாதிக்கப்படுவதில்லை என்றது. வெடித்துக் கிளம்பும் வேகத்தில் மட்டும் கொஞ்சம் இழப்பு. அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் செய்யும்போதுதான் அதிகம். காலையில் ஓடிவிட்டு மாலையில் எடை தூக்குங்கள், தீர்ந்தது.

மாரத்தான்காரர்களின் பயத்துக்கு பின்லாந்திலிருந்து பதில் வந்தது. 1999-ல் வெளியான ஆய்வில், ஓட்டக்காரர்களின் பயிற்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் தாவல்களும் வேகமான எடைப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. விஓ2 மேக்ஸ் ஏறவில்லை. அதே வேகத்தில் ஓட உடம்பு முன்பைவிடக் குறைவான ஆக்சிஜனே கேட்டது.

ஹைராக்ஸின் உண்மையான சோதனை ஸ்லெட்டில் இல்லை, ஸ்லெட்டை விட்டு ஓடத் தொடங்கும் முதல் 200 மீட்டரில் இருக்கிறது. பொதுவான ஓப்பன் பிரிவில் ஆண்கள் தள்ள வேண்டியது ஸ்லெட்டோடு சேர்த்து 152 கிலோ, பெண்களுக்கு 102. தொடைத் தசை மெதுவாக, முழு இறுக்கத்தில் வேலை செய்கிறது. லாக்டேட் ரத்தத்தில் கொட்டுகிறது. லாக்டேட்டை விஷம் என்று நினைத்த காலம் போய்விட்டது. அது எரிபொருள். இதயமும், களைப்படையாத மற்ற தசை நார்களும் அதை வாங்கி எரிக்கும் என்பதை உடலியல் விஞ்ஞானி ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து நிறுவிவந்தார். எரிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அதைப் பெருக்குவது, பொறுமையாக நீண்ட நேரம் ஓடும் ஓட்டம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய அந்தச் சலிப்பான ஓட்டத்தைத்தான் ஜிம்காரர்கள் தவிர்க்கிறார்கள். அதை வாரத்தின் பெரும்பகுதி ஓட்டமாக வைத்துக்கொண்டு, ஒரு நாள் மட்டும் ஸ்லெட்டோ லஞ்சோ செய்த கையோடு ஒரு கிலோமீட்டர் ஓடிப் பழகினால் போதும். தினமும் போட்டியையே ஒத்திகை பார்ப்பவர்கள் களைப்பைத்தான் சேர்க்கிறார்கள்.

ஸ்லெட்டுக்கு ஓர் இயற்பியல் குறிப்பு: ஓடிக்கொண்டிருக்கும் பொருளை நகர்த்துவதைவிட நின்ற பொருளைக் கிளப்ப அதிக விசை வேண்டும். நடுவழியில் நின்றுபோன காரைத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். வேகமாகத் தள்ளி மூன்று இடத்தில் நிற்பவரைவிட, குட்டி அடிகளாக வைத்து நிற்காமல் போகிறவருக்குச் செலவு குறைவு.

கடைசியாக வால் பால். ஜெர்மன் ஆய்வின் அந்த 11 பேருக்கு இதுவே மிகக் கடினமாக இருந்தது. லாக்டேட்டும் இங்கேதான் உச்சம். ஓப்பன் பிரிவு ஆண்களுக்கு 6 கிலோ பந்து, மூன்று மீட்டர் உயரத்தில் இலக்கு. உட்கார்ந்த நிலையிலிருந்து பந்தை அங்கே அனுப்ப ஏறக்குறைய 120 ஜூல் ஆகும். 70 கிலோ உடம்பை எழுப்பி நிறுத்த 270 ஜூலுக்குக் குறையாது. பந்தைவிட உடம்புக்கே இரு மடங்குக்கு மேல் வேலை. எனவே தோள்பலத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, இருபது இருபதாகப் பிரித்து, இடையில் ஐந்தாறு மூச்சு வாங்கிக்கொண்டு கால்களைக் காப்பாற்றுவது நல்லது. முதல் ஐம்பதை ஒரே மூச்சில் எறிந்தவர்களுக்குப் பிற்பாதியில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்காது. இறங்காவிட்டால் நடுவர் எண்ணமாட்டார். எண்ணப்படாத அந்த எறிதலுக்கும், பந்துக்கும் உடம்புக்குமாக ஏறக்குறைய 390 ஜூல் செலவாகிவிட்டிருக்கும்.