ஆன்ம நிலைபேறோ உயிர்த்தெழுதலோ? கிறித்தவரிடையே நிகழ்ந்த ஒரு விவாதம்

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த இந்நகரிலே கோயில் மணியோசையும் தேவாலய மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே வைகறையிற் கலந்து கேட்கும். நம் கல்லூரி மாணவர் பலர் கிறித்தவ அன்பரோடு கூடி விளையாடியும், அவர் இல்லத்து நன்மை தீமைகளிற் பங்குகொண்டும் வளர்ந்தோர். அவர் வீட்டில் மரணம் நேர்ந்தவிடத்து, “உடல் அழியும், ஆன்மா அழியாது, இஃது எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்பமுடிந்தது” என்று ஆறுதல் கூறுவது நம்மவர் வழக்கம். அஃது உண்மையில் ஒப்பமுடிந்ததோ என ஆராயின், கிறித்தவ சமயத்துள்ளேயே இப்பொருள்பற்றி நெடுங்காலமாக விவாதம் நடந்துவருதல் புலனாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வேறுபாட்டின் சுவடுகளைச் சேமக்காலைகளிலேயே காணலாம். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பது புரட்டஸ்தாந்தர் கல்லறைகளிற் பெருவழக்கு. கத்தோலிக்கரோ நவம்பர் 2ஆம் நாளில் கல்லறைகளிலே மெழுகுதிரி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்திலுள்ள ஆத்துமாக்களுக்காக மன்றாடுவர். மெதடிஸ்த சபையார் உத்தரிக்கிற ஸ்தலம் என்னுங் கொள்கையை ஏற்பதில்லை. இறந்தவர் உறங்குகின்றனரோ, விழித்திருக்கின்றனரோ, நம் மன்றாட்டினாற் பயன் பெறுகின்றனரோ என்னும் வினாக்கள் இவ்வழக்கங்களுக்குப் பின்னே நிற்கின்றன.

விவாதத்தின் வேர் விவிலியத்திலேயே உள்ளது. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தின்படி, மண்ணினால் உருவாக்கப்பட்ட மனிதன் இறைவன் ஊதிய சுவாசத்தினால் உயிருள்ளவனானான். ஆங்கு வரும் ‘நெபெஷ்’ என்னும் எபிரேயச் சொல் உடலினின்றும் பிரிந்து வாழும் ஒரு பொருளைக் குறியாது, உயிருள்ள முழு மனிதனையே குறிக்கும் என்பர் ஒரு சாரார். இறந்தோர் ஒன்றும் அறியார் என்னும் பிரசங்கி 9ஆம் அதிகாரத்துக் கருத்தும் அவர்க்குத் துணையாகும். மற்றைச் சாரார், உலகைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருக்க விரும்புவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை எடுத்துக்காட்டுவர். சிலுவையிலே தொங்கிய கள்வனுக்கு இயேசு பரதீசை வாக்களித்த லூக்கா 23ஆம் அதிகாரமும் அவர்க்குச் சான்று. அவ்வாக்கியத்திலே ‘இன்று’ என்னுஞ் சொல் ‘சொல்லுகிறேன்’ என்பதனோடு இயையுமோ, ‘இருப்பாய்’ என்பதனோடு இயையுமோ என்பதும் ஒரு வாதமாயிற்று. பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் இடும் வழக்கம் இன்மையே இதற்குக் காரணம்.

மூன்றாம் நூற்றாண்டிலே அரேபியாவிற் சிலர், ஆன்மா உடலோடு மடிந்து உயிர்த்தெழுதலின்போது உடலோடு எழும் என்று போதித்தனர் என்றும், ஒரிகன் என்னும் பேரறிஞர் சென்று வாதித்து அவரைத் திருப்பினார் என்றும் வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியுள்ளார். 1331இல் பாப்பரசர் 22ஆம் யோவானே, நீதிமான்களின் ஆத்துமாக்கள் இறுதித் தீர்ப்புவரை இறைவனை நேரே காணா என்று பிரசங்கித்துப் பெரும் எதிர்ப்புக்கு ஆளானார். 1334இல் மரணப்படுக்கையில் அக்கருத்தைக் கைவிட்டார். அவர்க்குப் பின்வந்த 12ஆம் ஆசீர்வாதப்பர், தூய ஆத்துமாக்கள் தீர்ப்பு நாளுக்கு முன்னரே இறைவனைத் தரிசிக்கும் என 1336இல் வரையறுத்தார். ஆன்மா அழிவற்றது என்பதை 1513இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் உறுதிசெய்தது.

சீர்திருத்தக் காலத்திலும் இவ்வினா ஓயவில்லை. லூதர் பலவிடங்களில் மரணத்தை ஆழ்ந்த உறக்கத்திற்கு ஒப்பிட்டார். கல்வினோ, ஆன்மா உறங்குவதன்று, விழித்தே இருக்கும் என நிறுவ ஒரு நூலை 1534இல் எழுதினார். அது 1542இல் அச்சாயிற்று. 19ஆம் நூற்றாண்டிலே தோன்றிய ஏழாம்நாள் அட்வெந்து சபையார், உயிர்த்தெழுதல்வரை இறந்தோர் உணர்வற்றிருப்பர் என்றே கொள்கின்றனர்.

தமிழுக்கு வருவோம். ‘நெபெஷ்’, ‘சைக்கே’ முதலிய சொற்களுக்கு ‘ஆத்துமா’ என்னுஞ் சொல்லை மிஷனரிமார் எடுத்தாண்டனர். அச்சொல்லோ அழியாமை என்னும் பொருளைத் தன்னகத்தே கொண்டுவருவது. மனிதனைக் கூறுமிடத்து ‘ஜீவாத்துமா’ என்றும், அதே எபிரேயத் தொடர் விலங்குகளைக் குறிக்குமிடத்து ‘ஜீவஜந்துக்கள்’ என்றும் தமிழ் விவிலியம் பெயர்க்கின்றது. மூலத்தில் ஒன்றாயிருந்தது தமிழில் இரண்டாயிற்று; படிப்போர் அறியாமலே விவாதத்தின் ஒரு பக்கம் வலிமை பெற்றது. சொல்லை ஏற்பினும் அதன் முழுப்பொருளையும் ஏற்க மறுத்தவர் மதுரையில் தொண்டாற்றிய தத்துவபோதக சுவாமிகளாகிய றொபேட் டி நொபிலி (1577–1656). அவர் ‘ஆத்தும நிருணயம்’ என்னும் நூலை எழுதினார்; ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்னும் நூலில் மறுபிறப்பை மறுத்தார். ஆத்துமா அழியாததே, ஆயினும் அஃது இறைவனாற் படைக்கப்பட்டது, முற்பிறவி அதற்கில்லை என்பது அவர் துணிபு. சைவசித்தாந்தமோ உயிரை அநாதி என்று கூறும். ஆகவே ‘ஆன்மா அழியாது’ என இருவரும் கூறுமிடத்தும் பொருள் ஒன்றன்று.

அண்மைக் காலத்தில் இவ்விவாதத்தைக் கிளர்த்தியவர் ஒஸ்கார் குல்மன். 1955இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் அவர் சோக்கிரதீசின் மரணத்தையும் இயேசுவின் மரணத்தையும் ஒப்பிட்டார். முன்னவர் மரணத்தை விடுதலையாகக் கருதி அமைதியாக நஞ்சருந்தினார். பின்னவரோ மரணத்தை எதிரியாகக் கண்டு கலங்கினார். ஆன்மாவின் இயற்கையான அழியாமை கிரேக்கர் கொள்கை. மரித்தோரை இறைவன் மீண்டும் எழுப்புதலே விவிலிய நம்பிக்கை என்பது அவர் வாதம். எனினும் இறந்தோர் கிறிஸ்துவின் அண்மையில் உறங்குகின்றனர் என்றும் அவர் கூறினார். கத்தோலிக்கத் திருச்சபையோ 1979இல் வெளியிட்ட கடிதமொன்றில், மரணத்தின்பின் அறிவும் விருப்பும் உடைய ஆன்மிகக் கூறு நிலைத்திருக்கும் என மீண்டும் வலியுறுத்திற்று.

இவை ஏட்டளவிலான வாதங்களாகத் தோன்றலாம். ஆயின் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோரத்தைத் தாக்கியபோது, உற்றாரின் உடலைக்கூடக் காணப்பெறாதோர் பலர். “என் பிள்ளை இப்பொழுது எங்கே?” என்று கேட்கும் கிறித்தவத் தாய்க்குக் கத்தோலிக்க குருவானவர், “இறைவன் கையில், அவனுக்காக மன்றாடுவோம்” என்பார். ஆன்ம உறக்கத்தை நம்புவோர், “துன்பமின்றி உறங்குகின்றான், அடுத்து அவன் அறிவது எழுப்பும் குரலையே” என்பர். ஒன்று இன்றே உள்ள உறவினைக் காட்டுவது. மற்றையது வருநாளின் சந்திப்பினைக் காட்டுவது. உடல் கிடைத்திலதாயினும் இறைவன் எழுப்ப வல்லவன் என்பதில் இரு சாராரும் உடன்படுவர்.

நம் கல்லூரிக்கு உழைத்த விபுலாநந்த அடிகள் இளமையிலே கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். பிறர் சமயத்தை அறிதல் தம் சமயத்துக்கு இழுக்கன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. துக்க வீட்டிற் புகும்போது நம் சித்தாந்தத்தை அவர் வாயில் ஏற்றாது, அவர் எதனை நம்பி அழுகின்றனர் என்பதை அறிந்து உடனிருத்தலே அயலார்க்கு நாம் ஆற்றும் கடனாகும்.