கம்பனியிடமே நேரடியாக வாங்கினால் இலாபமா? லெப்டொப் பாகங்கள்: ஒரு வியாபாரக் கணக்கு

2025 டிசம்பர் 3 ஆம் திகதி அமெரிக்காவின் மைக்ரோன் கம்பனி ஓர் அறிவித்தலை வெளியிட்டது. 'குரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றை விற்று வந்த பிரிவை மூடப்போவதாகவும், 2026 பெப்ரவரி வரையே அப்பொருட்கள் சந்தைக்கு அனுப்பப்படும் எனவும் அதில் கூறப்பட்டிருந்தது. நம் நாட்டுப் பத்திரிகைகளில் இது பெரிய செய்தியாகவில்லை. ஆனால் கணினி வியாபாரத்தில் கை வைத்திருப்பவர்களும், கடையிலோ அலுவலகத்திலோ ஐந்தாறு லெப்டொப்புகளை வைத்துத் தொழில் நடத்துபவர்களும் கவனிக்க வேண்டிய விடயம் இது.

உலகில் விற்பனையாகும் ரேம் சிப்களில் மிகப் பெரும்பகுதியை மூன்று கம்பனிகளே உற்பத்தி செய்கின்றன. கொரியாவின் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ் ஆகிய இரண்டும் அமெரிக்காவின் மைக்ரோனும்தான் அவை. இவற்றுள் மைக்ரோன் 1996 இல் குரூஷியலைத் தொடங்கி, சாதாரண வாடிக்கையாளரும் சிப் தயாரிப்பவரிடமிருந்தே நேராக வாங்கலாம் என்ற வழியைத் திறந்தது. அதன் இணையத்தளத்தில் உங்கள் லெப்டொப்பின் பெயரையும் மொடலையும் கொடுத்தால், அதற்கு எந்த ரேம் பொருந்தும், எவ்வளவு வரை போடலாம், எந்த எஸ்.எஸ்.டி. உள்ளே போகும் என்பதெல்லாம் வந்துவிடும். அப்படித் தெரிவு செய்து வாங்கியது பொருந்தாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். ரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதமும் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, குரூஷியல் எப்போதும் மலிவு விலைக் கடையாக இருந்ததில்லை என்பதே. அதைவிடக் குறைந்த விலையில் ரேம் கிடைத்தது. அது விற்றது 'பொருந்தும்' என்ற பொறுப்பைத்தான். நேரடிக் கொள்வனவு என்றாலே இடைத்தரகரின் இலாபம் நமக்கு மிஞ்சும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் கணக்குப் பிழைக்கிறார்கள்.

அப்படியானால் 29 வருடம் ஓடிய தொழிலை ஏன் மூடினார்கள்? நட்டத்தினால் என்று மைக்ரோன் சொல்லவில்லை. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பிரமாண்டமான தரவு மையங்கள் ரேமை விழுங்குகின்றன. அந்தப் பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சரக்குக் கொடுக்கவே இந்த முடிவு என்பதுதான் கம்பனி தந்த விளக்கம். அந்த மையங்களில் பயன்படும் எச்.பி.எம். என்ற விசேட ரேமுக்கு, அதே கொள்ளளவுள்ள டிடிஆர்5 ரேமைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தகடு தேவைப்படுகிறது என்று மைக்ரோனே கூறியிருக்கிறது. தகடு அங்கே போகும்போது நமக்கு வருவது குறைகிறது. 2025 இன் பிற்பகுதியில் ரேம் விலை தாவி ஏறியதன் முக்கிய காரணம் இதுதான். மொத்த வியாபாரி பெரிய 'ஓடர்' கிடைத்ததும் சில்லறைக் கவுண்டரை மூடுவது நமக்குப் புதிதல்ல.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 'கம்பனியிடமே வாங்குவேன்' என்று ஒருவர் சொன்னால், எந்தக் கம்பனி என்று கேட்க வேண்டியிருக்கிறது. லெப்டொப்பைத் தயாரித்த லெனோவோ, எச்.பி., டெல் போன்றவை ஒரு வகை. சிப்பைத் தயாரிக்கும் சம்சுங், மைக்ரோன் போன்றவை இரண்டாவது வகை. சிப்பை வாங்கிப் பலகையில் பொருத்தித் தன் பெயரில் விற்பவை மூன்றாவது வகை. கிங்ஸ்டன் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. 1987 இல் தொடங்கிய அக்கம்பனி ரேம் சிப் தயாரிப்பதில்லை. ஆனால் தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாத பெயர் அதற்குண்டு. ஆகவே 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்கு மயங்கத் தேவையில்லை.

லெப்டொப் கம்பனியிடம் ரேம் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. அவர்களும் ரேம் தயாரிப்பதில்லை. மேற்சொன்ன மூவரிடமிருந்து வாங்கி, தம் இலக்கத்தை ஒட்டி, கூடிய விலைக்கு விற்கிறார்கள். ஒரு லெனோவோ அல்லது டெல் லெப்டொப்பின் அடிப்பகுதியைத் திறந்து பார்த்தவர்களுக்கு, உள்ளே சம்சுங் அல்லது ஹைனிக்ஸ் ஸ்டிக்கர் இருப்பது தெரியும். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பொது அளவில் செய்யப்படுபவை; எங்கும் வாங்கலாம்.

பெட்டரி, கீபோர்ட், சார்ஜர், திரைக்குப் போகும் வயர், ஹிஞ்ச் போன்றவை அப்படியல்ல. அவை அந்த மொடலுக்கென்றே வார்க்கப்பட்டவை. இவற்றைத்தான் லெப்டொப் கம்பனியிடமோ அதன் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமோ வாங்க வேண்டும். 2012 இல் வந்த திங்க்பேட் வரிசையிலிருந்து, அசல் அல்லாத பெட்டரியைப் போட்டால் சார்ஜ் செய்ய மறுக்கும் ஏற்பாட்டை லெனோவோ உள்ளே வைத்தது. பழைய திங்க்பேட், எச்.பி. லெப்டொப்புகள் சிலவற்றில், கம்பனியின் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் போட்டால் மெஷின் ஆரம்பிக்கவே மாட்டாது.

பாகத்தின் இலக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினமான வேலையல்ல. டெல் லெப்டொப்பின் அடியில் ஏழு எழுத்தும் இலக்கமும் கொண்ட 'சேர்விஸ் டெக்' இருக்கும். லெனோவோ, எச்.பி. ஆகியவற்றில் சீரியல் இலக்கம் இருக்கும். கம்பனியின் இணையத்தளத்தில் அதைக் கொடுத்தால் தொழிற்சாலையில் அந்த மெஷினுக்குள் என்னென்ன போட்டார்கள் என்ற விபரம் வரும். லெனோவோவும் டெல்லும் லெப்டொப்பைக் கழற்றிப் பூட்டும் கையேடுகளையும் இலவசமாகவே வைத்திருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், நம் கடைகளில் நடப்பது வேறு.

"நானா, 8 ஜீபி ரேம் ஒன்று தாங்க."

"எந்த மெஷினுக்கு மகன்?"

"லெப்டொப்புக்குத்தான்."

இந்த இரண்டு வார்த்தையோடு வியாபாரம் முடிந்து, மறுநாள் பொருந்தவில்லை என்று திரும்பி வருவதைக் காணாத கடைக்காரர் இருக்க மாட்டார். லெப்டொப் ரேமில் டிடிஆர்3 இற்கு 204 பின்கள், டிடிஆர்4 இற்கு 260, டிடிஆர்5 இற்கு 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு. ஒன்றை மற்றதன் இடத்தில் போட முடியாது. டிடிஆர்3 இலும் இரண்டு இனம் உண்டு: 1.5 வோல்ட்டில் ஓடுவது ஒன்று, 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' இனம் மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் குறைந்த வோல்ட் மட்டும் கொடுக்கும் லெப்டொப்பில் 1.5 வோல்ட் ரேம் வேலை செய்யாது. ஸ்டிக்கரில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் அரை நிமிடத்தில் ஒரு 'ரிட்டர்ன்' தவிர்ந்துவிடும்.

மேலும் ஒன்று. இப்போது வரும் மெல்லிய லெப்டொப்புகள் பலவற்றில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டே வருகிறது. எல்பிடிடிஆர் என்று எழுதியிருந்தால் அநேகமாக அந்த ரேமைக் கழற்ற முடியாது. அப்பிளின் மெக்புக் எயாரில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். இத்தகைய மெஷினுக்கு வாங்கும் நாளிலேயே போதிய ரேமோடு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எஸ்.எஸ்.டி.யிலும் உருவத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கு 2.5 அங்குல சாட்டா வகை போகும். அது விநாடிக்கு 550 மெகாபைட் அளவோடு நின்றுவிடும். சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வகையில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. பின்னது பல மடங்கு வேகமானது. நீளத்திலும் 80, 42, 30 மில்லிமீற்றர் என்று வேறுபாடு உண்டு. உண்மையில், ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய லெப்டொப்புக்குச் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டாலே கணக்கு மென்பொருள் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியும். வேகமானதை வாங்கிப் பணத்தை இறைக்கத் தேவையில்லை.

இப்போது காசுக் கணக்கு. விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. வெளிநாட்டிலிருந்து 50 டொலர் ரேம் ஒன்றை எடுக்கிறீர்கள். கூரியர் 25 டொலர். வரி 50 டொலருக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சுங்கம் பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்தே பெறுமதி பார்க்கும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். 75 டொலருக்கு அது மட்டும் 13.50 டொலர். மற்ற வரிகளையும், சுங்கத்திலிருந்து விடுவிக்கக் கூரியர் கம்பனி அறவிடும் கட்டணத்தையும் விட்டுவிட்டாலே 50 டொலர் சாமான் 88.50 டொலராகிவிட்டது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேட்கும் விலை அநியாயம் என்று சொல்லுமுன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே ரேமில் பத்து எடுத்தால்? சாமான் 500 டொலர், கூரியர் 40 டொலர் என்று வைப்போம். வற் வரியோடு ஒன்று சுமார் 64 டொலருக்கு வந்துவிடும். வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரியானால் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக் கொள்ளவும் முடியும். ஒன்றிரண்டு வேண்டியவருக்கு நேரடிக் கொள்வனவு நட்டம். ஒரே இனத்தில் பத்து, இருபது தேவைப்படுபவருக்கு அது ஆராயத்தக்கது. நான்கைந்து சிறு அலுவலகங்கள் சேர்ந்து ஒரே 'ஓடர்' போட்டாலும் இதே பயன்தான். ஆனால் யார் பெயரில் இறக்குமதி, பழுதானால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வைத்துக் கொள்ளட்டும். வாய்ப் பேச்சில் தொடங்கும் கூட்டு எப்படி முடியும் என்பது தெரிந்ததே.

பெட்டரியை இப்படி எடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தனியாகப் பொதி செய்த லித்தியம் அயன் பெட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து தடை. சரக்கு விமானத்திலும் கட்டுப்பாடுகள் உண்டு. பல கூரியர்கள் எடுக்கவே மாட்டார்கள். வைஃபை கார்டுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கப்படலாம். இவ்விரண்டையும் உள்ளூர் முகவரிடம் வாங்குவதே புத்தி.

உத்தரவாதம் பற்றியும் சொல்ல வேண்டும். 'லைஃப்டைம் வொரண்டி' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். பழுதான ரேமைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான். 50 டொலர் சாமானை மாற்ற 25 டொலர் செலவழித்து, மாற்றுப் பொருள் வரும்போது சுங்கத்தில் மீண்டும் விளக்கம் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? உள்ளூர்க் கடை தரும் மூன்று வருட உத்தரவாதம், உண்மையாகவே மாற்றிக் கொடுக்கும் கடையாக இருந்தால், கடல் கடந்த ஆயுட்கால உத்தரவாதத்தைவிடப் பெறுமதியானது. கடைக்காரர்களும் இதைத் தம் விற்பனையில் சொல்லத் தயங்கக்கூடாது. குரூஷியல் விற்ற அதே பொறுப்பை, அதாவது பொருந்தும் என்ற வாக்கை, நம் கடைகளும் விற்கலாம். வாடிக்கையாளரின் சீரியல் இலக்கத்தைக் கேட்டு, பார்த்து, பில்லில் எழுதிக் கொடுத்தால் போதும். சிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் ரேமை யார் செய்தது, எந்த வகை என்பதைக் காட்டும். மெம்டெஸ்ட்86 ஐ ஓடவிட்டால் பழுதுள்ளது பிடிபடும். போலிகள் நிறைந்த சந்தையில், வாடிக்கையாளர் முன்னாலேயே இதைச் செய்து காட்டும் கடைக்குப் பெயர் நிற்கும்.

செலவழிக்க முன் கடைசியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இற்கு டி.பி.எம். 2.0 வேண்டும்; இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை லெப்டொப்புக்கு உயர்ந்த விலையில் ரேம் வாங்கிப் போடுவதைவிட அந்தப் பணத்தை அடுத்த மெஷினுக்கு ஒதுக்குவது நல்லது. எட்டாம் தலைமுறைக்குப் பிந்தியதும், ரேம் கழற்றக்கூடியதுமான லெப்டொப் கையில் இருந்தால், அதை இப்போது தள்ளிவிட அவசரப்பட வேண்டாம். ரேம் விலை ஏறினால் புதிய லெப்டொப்பின் விலையும் சேர்ந்தே ஏறும்.

குரூஷியல் சரக்கு வைத்திருப்பவர்களும் அதை வாங்கிப் பயன்படுத்துபவர்களும் பயப்படத் தேவையில்லை. ஏற்கனவே விற்றவற்றுக்கான உத்தரவாதமும் சேவையும் தொடரும் என மைக்ரோன் அதே அறிவித்தலில் கூறியுள்ளது. பில்லையும் பாகத்தின் மீதுள்ள ஸ்டிக்கரையும் கிழிக்காமல் வைத்திருங்கள். உத்தரவாதம் கேட்கும்போது அவைதான் முதலில் தேவைப்படும்.