உர மூட்டைக்குப் பின்னால் ஒரு வகுத்தல் கணக்கு

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் பறிக்க, அதோடு சேர்ந்து நைட்ரஜனும் செடியை விட்டுப் போகிறது. அதை ஈடுகட்ட உரம் போட வேண்டும். யூரியா மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பார்கள். நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் என்று அர்த்தம். யூரியாவை அம்மோனியாவிலிருந்து தயாரிக்கிறார்கள். நம் நாட்டில் சரவாக்கின் பிந்துலுவிலும் கெடாவின் குரூனிலும் அதற்கான ஆலைகள் உள்ளன.

அம்மோனியா உருவாவது, நீங்கள் பாடத்தில் படிக்கும் ஹேபர் முறையில்தான்:

நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் ⇌ 2 அம்மோனியா

உருவாகும் அம்மோனியா உடனே சிதையவும் தொடங்குகிறது. இரண்டின் வேகமும் சமமானதும் அளவுகள் மாறாமல் நிற்கும். அப்போது ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவின் அழுத்தத்தை வர்க்கமாக்கி மேலே எழுதுங்கள். கீழே, நைட்ரஜனின் அழுத்தத்தை ஹைட்ரஜன் அழுத்தத்தின் கனத்தால் பெருக்குங்கள். வகுத்தால் வருவது சமநிலை மாறிலி. (பலர் மறப்பது அந்தக் கனத்தைத்தான்!)

வெப்பநிலை 400 டிகிரி செல்சியஸ், மொத்த அழுத்தம் 200 அட்மோஸ்பியர் என்போம். நைட்ரஜன் 32.5, ஹைட்ரஜன் 97.5, அம்மோனியா 70.

70² ÷ (32.5 × 97.5³) = 0.00016

அதே வெப்பநிலையில் மொத்த அழுத்தம் வெறும் 1 அட்மோஸ்பியர் என்றால்? நைட்ரஜன் 0.249, ஹைட்ரஜன் 0.747, அம்மோனியா 0.0041. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். மறுபடியும் 0.00016!

மாறிலி மாறவில்லை. ஆனால் அம்மோனியாவின் பங்கைப் பாருங்கள்: முதல் கலவையில் 35 விழுக்காடு, இரண்டாவதில் 0.4 விழுக்காடு. நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்கும் வினை இது. அழுத்தம் ஏறினால் சமநிலை அம்மோனியா பக்கம் நகர்கிறது. உயர் அழுத்தம் தாங்கும் கலன் செய்யக் கார்ல் போஷ் அவ்வளவு பாடுபட்டது இதற்காகத்தான். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

மாறிலியை மாற்றுவது வெப்பநிலை. 25 டிகிரியில் அது ஏறக்குறைய 6 லட்சம். அப்படியானால் உலையைச் சூடாக்குவானேன்? நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பு லேசில் உடையாது. இரும்பு வினையூக்கி இருந்தும், குளிர்ந்த நிலையில் வினை நகரவே நகராது. எவ்வளவு கிடைக்கும் என்பதை மாறிலி சொல்லும்; எப்போது கிடைக்கும் என்பதைச் சொல்லாது.

ஆலைகள் சமநிலை வரும்வரை காத்திருப்பதும் இல்லை. ஒரு சுற்றில் சுமார் 15 விழுக்காடு அம்மோனியா கிடைத்தாலே, குளிரவைத்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவை மறுபடி உலைக்கு அனுப்பிவிடுவார்கள்.