ஸூயஸ் கால்வாய் புகட்டும் பாடம்

பூகோளப் படத்தை விரித்துப் பார்ப்போருக்கு ஸூயஸ் கால்வாய் ஒரு சிறு கோடாகவே தோன்றும். மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் அக்கால்வாயின் நீளம் இன்று ஏறக்குறைய 193 கிலோமீட்டர். அஃது இல்லாவிடில், இந்தியாவினின்று ஐரோப்பா செல்லும் கப்பல் ஆப்பிரிக்கா கண்டத்தையே சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போக வேண்டும். இத்தகைய இடம் வாய்த்தது எகிப்தின் பாக்கியம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், அப்பாக்கியமே நெடுங்காலம் அத்தேசத்திற்கு விலங்காக இருந்ததைக் காண்கிறோம்.

1859-ல் டி லெஸ்ஸப்ஸ் என்ற பிரஞ்சுக்காரரின் கம்பெனி வேலையைத் தொடங்கிற்று. ஆரம்ப வருஷங்களில் எகிப்தியக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டு மண் வெட்டினர். அக்கட்டாய வேலையை நிறுத்தவும், கம்பெனிக்கு அளித்த நிலங்களை மீட்கவும் எகிப்து முற்பட்டது. மத்தியஸ்தராக இருந்த பிரஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் 1864-ல் அளித்த தீர்ப்பு யாது? கம்பெனிக்கு எகிப்து 8 கோடியே 40 லட்சம் பிராங்க் நஷ்டஈடு தர வேண்டும் என்பதே! உழைத்த தேசமே அபராதமும் கட்டிற்று.

1869 நவம்பர் 17-ல் கால்வாய் திறக்கப்பட்டது. கெதிவ் இஸ்மாயில் ஐரோப்பிய அரச குடும்பத்தினரை அழைத்து ஆடம்பர விழா நடத்தினார். கடன் மேல் கடன் ஏறிற்று. 1875-ல் தம் வசமிருந்த 1,76,602 பங்குகளையும் அவர் விற்க நேர்ந்தது. பிரிட்டிஷ் பிரதம மந்திரி டிஸ்ரேலி, ராத்ஸைல்டு குடும்பத்தாரிடம் பணம் பெற்று, சுமார் 40 லட்சம் பவுனுக்கு அவற்றை வாங்கினார். 1880-ல், லாபத்தில் எகிப்துக்கு எஞ்சியிருந்த நூற்றுக்குப் பதினைந்து பாகமும் விலை போயிற்று.

கடன் கொடுத்தவன் முதலில் கணக்குப் பார்க்க வருகிறான். முடிவில் வீட்டையே எடுத்துக்கொள்கிறான். 1876-ல் எகிப்தின் வருமானத்தைக் கண்காணிக்க அந்நியரின் கடன் கமிஷன் ஏற்பட்டது. 1882-ல் பிரிட்டிஷ் படை புகுந்தது. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற அராபி பாஷா தோல்வியுற்று இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த யுத்தத்திற்கு இந்தியத் துருப்புக்களும் கொண்டு போகப்பட்டன என்பதை நாம் மறக்கலாகாது. ஓர் அடிமை நாட்டின் ஆள்பலம் மற்றொரு நாட்டை அடிமைப்படுத்தப் பயன்பட்டது.

1956 ஜூலை 26-ல் நாஸர் அக்கம்பெனியைத் தேசவுடைமையாக்கினார். கால்வாயை நடத்தும் திறமை எகிப்தியருக்கு ஏது என்று பலர் ஏளனம் செய்தனர். செப்டம்பரில், கப்பல்களுக்கு வழிகாட்டும் அந்நிய மாலுமிகளிற் பெரும்பாலோர் வேலையை விட்டு விலகினர். ஆயினும் போக்குவரத்து நிற்கவில்லை! ஏளனம் பொய்த்தபின் ஆயுதம் வந்தது. அக்டோபர் இறுதியில் இஸ்ரேல் படையெடுத்தது. பிரிட்டனும் பிரான்ஸும் உடன் சேர்ந்து குண்டு வீசின. அமெரிக்காவும் ஸோவியத் ருஷியாவும் ஒருங்கே எதிர்த்தன. ஐக்கிய நாடுகள் சபையும் தலையிட்டது. டிசம்பரில் பிரிட்டிஷ், பிரஞ்சுப் படைகள் வெளியேறின. பழைய பங்குதாரர்களுக்கு எகிப்து பின்னர் நஷ்டஈடும் கொடுத்தது.

2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழி அடைபட்டபோது, உலக வியாபாரமே தத்தளித்தது. அச்சிறு கோட்டின் மதிப்பு அவ்வளவு பெரிது. எனினும் நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. எகிப்தின் சுதந்திரம் பீரங்கியால் பறிபோகுமுன்பே கடன் பத்திரத்தால் பறிபோயிருந்தது. பீரங்கி வருவதைக் குழந்தையும் அறியும். பத்திரம் வருவதை விழிப்புள்ள ஜனங்களே அறிவர். தேசங்களின் பெயரில் கையெழுத்திடுவோர் இதை மறவாதிருப்பார்களாக!