40 வயதுக் காருக்கு முழங்கால் வைத்தியம்!

மனிதனுக்கு வயதானால் முழங்கால் தேயும்.

காருக்கும் முழங்கால் உண்டு! அது முன் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து இருக்கிறது. அதுவும் தேயும். தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்கள், வார விடுமுறை நாட்களில் காரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் புகுந்துகொள்கிறார்கள். காரின் முழங்காலுக்கு வைத்தியம் நடக்கிறது!

5 லட்சம் கார்

அப்படி வைத்தியம் பெறும் கார்களில் புகழ் பெற்றது எம்.ஜி.பி.

"எம்.ஜி." என்பது "மோரிஸ் கேரேஜஸ்" என்ற பெயரின் சுருக்கம். நம் நாட்டு அம்பாசிடர் காரும் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரைப் பின்பற்றிச் செய்யப்பட்டதுதான். அந்த மோரிஸ்தான் இந்த மோரிஸ்!

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில், 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டும்.

கடைசியாக வந்த காருக்கே இப்போது வயது 40-ஐத் தாண்டிவிட்டது.

கதவுக் குடுமி

பழைய காலத்து வீடுகளில் வாசல் கதவுக்குக் கீல் இருக்காது. கதவின் மேலும் கீழும் குடுமி இருக்கும். அது குழியில் உட்கார்ந்து சுழலும். குடுமி தேய்ந்தால் கதவு ஆடும், சரியாக மூடாது.

எம்.ஜி.பி. காரின் முன் சக்கரமும் ஏறக்குறைய அப்படித்தான் திரும்புகிறது. செங்குத்தாக நிற்கும் ஓர் இரும்புத் தண்டைச் சுற்றிச் சக்கரம் இடமும் வலமும் திரும்பும். அந்தத் தண்டின் பெயர் "கிங்பின்".

கிங்பின்னை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்து இருக்கின்றன. மேல் கை, ஷாக் அப்சார்பரிலேயே சேர்ந்தது. கீழ்க் கைகளுக்கு நடுவே ஓர் இரும்புத் தட்டு. அதன்மேல் பெரிய சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்து இருக்கிறது. கைகள் காரின் உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் "புஷ்"கள் உண்டு.

பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது இவை எல்லாம் ஒன்றாக வேலை செய்கின்றன.

ஏன் தேய்கிறது?

காரணம் மிகச் சிறியது. கிரீஸ் போட மறப்பதுதான்!

ஒவ்வொரு பக்கத்துக் கிங்பின்னுக்கும் கிரீஸ் ஏற்ற 3 துவாரங்கள் உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து 6. ஒவ்வொரு 3,000 மைலுக்கும் ஒருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும். சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி வைத்துக்கொண்டு ஏற்றினால் கிரீஸ் நன்றாக உள்ளே போகும்.

மாட்டு வண்டிக்கு மை போடாவிட்டால், அச்சு கிறீச்சிட்டு ஊரைக் கூட்டும். கிங்பின் அப்படிக் கத்தாது. சத்தம் இல்லாமல் தேயும். அதுதான் ஆபத்து!

ரப்பருக்கு எதிரி எண்ணெய். எஞ்சினில் இருந்து ஒழுகும் எண்ணெய் பட்டால், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கார் நேராக ஓடாமல் அலைபாய்ந்தாலும், பள்ளத்தில் விழும்போது "டக்" என்று சத்தம் கேட்டாலும் சந்தேகப்பட வேண்டும்.

முன் சக்கரத்தைத் தூக்கி, உறுதியான தாங்கியில் காரை நிறுத்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிகிறதா? வேறு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும்.

பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால், கோளாறு சக்கரத்தின் பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால், கிங்பின் அல்லது அதைத் தாங்கும் பாகங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள்.

ஸ்பிரிங்... ஜாக்கிரதை!

இந்த வேலையில் பயப்பட வேண்டியது ஸ்பிரிங்குக்குத்தான். அது காரின் பாரத்தால் நசுங்கி, அடைபட்டுக் கிடக்கிறது. போல்ட்டுகளை யோசிக்காமல் கழற்றினால், தெறித்து வந்து ஆளையே கொன்றுவிடும்!

அதனால் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டு, பிறகுதான் மேல் கையைப் பிரிக்கிறார்கள். ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குகிறார்கள். ஸ்பிரிங் முழுவதும் நீண்டு தளர்ந்த பிறகே கையில் எடுக்கிறார்கள்.

புதிய கிங்பின் வாங்கினால் மட்டும் போதாது. அது சுழலும் உலோக புஷ்களை, அழுத்தும் எந்திரத்தால் ஏற்றி, உள்துளையை அளவாகக் கடைய வேண்டும். வீட்டில் செய்ய முடியாத வேலை இது. ஆகவே பலர், வேலை முடித்துத் தயாராக இருக்கும் பாகத்தை வாங்கி, பழையதைக் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் ஒழுகும் ஷாக் அப்சார்பரையும் இப்படியே மாற்றிக்கொள்கிறார்கள்.

பழைய ரப்பருக்குப் பதிலாக வி-8 புஷ் போடுகிறவர்கள் உண்டு. எம்.ஜி.பி. வகையிலேயே பெரிய எஞ்சினோடு வந்த வி-8 காருக்காகச் செய்த புஷ் அது. ரப்பரின் உள்ளே இரும்புக் குழாய் இருக்கும். நீண்ட நாள் உழைக்கும்.

ஆனால் அதன் நட்டை, காரைத் தரையில் இறக்கிய பிறகுதான் முழுவதும் முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொள்ளும். சீக்கிரம் கிழிந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு முன் சக்கரங்களும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று அளந்து சரி செய்ய வேண்டும்.

சோதனை இல்லை, பொறுப்பு உண்டு!

பிரிட்டனில் 1960-ம் ஆண்டு முதல் கார்களுக்குச் சோதனை உண்டு. இப்போது 3 வயது நிறைந்த கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை நடக்கிறது. தேய்ந்த கிங்பின்னோடு போனால் சான்றிதழ் கிடைக்காது.

ஆனால் 2018-ம் ஆண்டு மே மாதம் முதல், 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரிய மாறுதல் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அதற்காக யாரும் எப்படியும் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. ஆபத்தான நிலையில் உள்ள காரை ஓட்டினால், 2,500 பவுன் வரை அபராதம் விதிக்கலாம்!

முன்பு ஆண்டுக்கு ஒருமுறை சோதனையாளர் அடியில் குனிந்து பார்த்தார். இப்போது சொந்தக்காரரே குனிந்து பார்க்க வேண்டும். 100 மைல் வேகத்தில் பாயும் காரில், அவர் மட்டுமா போகிறார்? பக்கத்தில் மனைவி இருக்கலாம். எதிரே சைக்கிளில் ஒரு பள்ளிப் பிள்ளை வரலாம்.

ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள், கிரீஸ் போட்ட நாளையும் அன்று கார் ஓடியிருந்த மைலையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்கள். அடுத்த 3,000 மைல் வந்ததும் கிரீஸ் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறார்கள்.