கூண்டுக்குப் புதிய காடைகள் வந்தால்...

பாலாறு, செய்யாறு, வேகவதி என்ற மூன்று ஆறுகள் ஒன்று சேரும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள இந்த ஊருக்குப் பெயர் வந்த காரணம் இதுதான். மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால், வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் வெள்ளம் ஒன்றாகிப் போவதைக் காணலாம்.

தண்ணீரோடு தண்ணீர் எளிதாகக் கலந்துவிடும். ஆனால் பறவையோடு பறவை அவ்வளவு எளிதாகக் கலப்பதில்லை!

இந்த ஊரில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒரு கூண்டு; அதில் ஆறு காடைகள். இரண்டு ஆண், நான்கு பெண். ஒரு நாள் அப்பா மேலும் நான்கு பெண் காடைகளை அட்டைப் பெட்டியில் வைத்து வாங்கி வருகிறார். உங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. கூண்டின் கதவைத் திறந்து நான்கையும் உள்ளே விட்டுவிட்டுப் படுக்கப் போகிறீர்கள்.

காலையில் என்ன பார்ப்பீர்கள்? புதிய காடைகள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஒன்றின் தலையில் தோல் உரிந்து இரத்தம் கசியும். ஒன்று இறந்தே போயிருக்கலாம். பத்து நாள் கழித்து, காயமே படாத பழைய காடைகளும் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழலாம்.

ஏன் இப்படி ஆகிறது? இதைத் தவிர்க்க முடியாதா? முடியும். அதற்கு முதலில் காடையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்தக் காடை?

நம் வயல்வெளிகளில் தானாக வாழும் காடைகள் உண்டு. அவற்றைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் வீட்டில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. ஜப்பானில் பல நூற்றாண்டுகளுக்கு முன் இதன் குரலைக் கேட்டு மகிழ்வதற்காக வளர்த்தார்கள். பிறகுதான் முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் வளர்க்கத் தொடங்கினார்கள். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இது இந்தியாவுக்கு, உத்தரப்பிரதேசத்திலுள்ள இஜத்நகருக்கு வந்தது. பின்னர் தமிழ்நாட்டில் கால்நடை விஞ்ஞானிகள் நம் சூழ்நிலைக்கு ஏற்ற ‘நந்தனம் காடை’, ‘நாமக்கல் காடை’ ஆகிய வகைகளை உருவாக்கினார்கள்.

இதன் முட்டை சுமார் 10 கிராம்தான். பதினேழு பதினெட்டு நாளில் பொரிக்கும். குஞ்சின் எடை 7 அல்லது 8 கிராம். உங்கள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆறாவது வாரத்திலேயே அது வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். விண்வெளியில் முதன்முதலாக முட்டையிலிருந்து பொரித்து வந்த பறவையும் இதுவேதான். 1990ஆம் ஆண்டில் ‘மிர்’ என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் அது நடந்தது.

புதிய காடை எதற்கு?

‘ஆறு காடை போதுமே, இவையே முட்டையிட்டுப் பெருகாதா?’ என்று கேட்கலாம். பெருகும். ஆனால் அந்தக் குஞ்சுகள் அனைத்தும் அண்ணன் தங்கைகளாகவே இருக்கும். அவை தமக்குள்ளேயே இனம் பெருக்கினால், ஒளிந்திருக்கும் குறைபாடுகள் வெளிப்படும். கோழியைவிடக் காடை இதில் மிகவும் பலவீனமானது. சில தலைமுறைகளிலேயே முட்டை பொரிப்பது குறையும். பொரித்த குஞ்சுகளும் தேறாமல் சாகும். ஆகவே அவ்வப்போது வேறு இடத்திலிருந்து புதிய காடைகளைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆண்கள் பழையவையாக இருந்து பெண்கள் புதியவையாக இருந்தாலே போதும். பிறக்கும் குஞ்சு பாதிப் பண்புகளைப் புதிய தாயிடமிருந்து பெறும்.

யார் பெரியவர்?

நார்வே நாட்டில் ஷெல்டெரப் எப்பே என்று ஒருவர் இருந்தார். சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்தாமல் விலகிப் போகிறது என்று கவனித்து எழுதி வைத்தார். வளர்ந்த பின் அதையே ஆராய்ச்சியாக்கி 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. முதல் கோழி மற்ற எல்லாவற்றையும் கொத்தலாம். இரண்டாவது, முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தலாம். கடைசிக் கோழி யாரையும் கொத்த முடியாது. இதற்குக் ‘கொத்தும் வரிசை’ என்று பெயர்.

இது கொடுமையாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் வரிசை முடிவாகிவிட்ட கூட்டத்தில் சண்டை குறைவு. யார் பெரியவர் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், ஒரு முறைப்பு போதும், சிறியது விலகிவிடும். காடைகளிடமும் இவ்வாறு ஓர் ஏற்பாடு உண்டு.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஆறு காடைகளில் எத்தனை ஜோடிகள்? ஆறை ஐந்தால் பெருக்கி இரண்டால் வகுங்கள்: 15. நான்கு புதிய காடைகளுக்குள் 6 ஜோடிகள். பத்தும் ஒன்றாகச் சேர்ந்தால் 45 ஜோடிகள். இவற்றில் 15ம் 6ம் முன்பே பழகியவை. மீதி 24 ஜோடிகள் ஒன்றையொன்று அறியாதவை. அன்று இரவு நீங்கள் கதவைத் திறந்தபோது, ‘யார் பெரியவர்?’ என்ற கேள்வியை ஒரே நேரத்தில் 24 முறை எழுப்பிவிட்டீர்கள்! அதுவும் ஓட இடமில்லாத சிறு கூண்டுக்குள்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

கொத்துவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது நோய். புதிய காடை பார்ப்பதற்கு நலமாகவே இருக்கும். ஆனால் நோய்க் கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடைவெளி உண்டு. இராணிக்கெட் நோய் என்ற வெள்ளைக் கழிச்சலில் இது 2 முதல் 15 நாள் வரை இருக்கலாம். வேறு சில நோய்களில், பிழைத்துக்கொண்ட பறவையே கிருமியைச் சுமந்து திரியும். தனக்கு ஒன்றும் ஆகாமல் மற்றவற்றுக்குக் கொடுக்கும். காடைகளைத் தாக்கும் குடல்புண் நோய் அப்படிப்பட்டது.

ஆகவே முதல் மூன்று வாரம் புதியவற்றைத் தனியே வைக்க வேண்டும். இது பழைய காலத்திலேயே மனிதர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்த முறை. 1377ஆம் ஆண்டில் அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் வெளியே தங்க வைத்தது. பின்னர் அது நாற்பது நாளானது. ‘குவாரண்டைன்’ என்ற சொல் இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே.

நோயாளிக்குத் தனி இடம் வேண்டும் என்பது திருமுக்கூடலுக்குப் புதிதல்ல. இங்குள்ள பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. இங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, பதினைந்து படுக்கைகளோடு இருந்ததை அது கூறுகிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், பணிப்பெண்கள் ஆகியோருக்குக் கொடுத்த ஊதியமும், இருப்பில் வைத்திருந்த மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. அந்த ஊர்க்காரரான நீங்கள் நான்கு காடைக்கு ஒரு பெட்டி ஒதுக்க மாட்டீர்களா?

முதல் மூன்று வாரம்

புதிய காடைகளின் பெட்டி, பழைய கூண்டிலிருந்து வீட்டின் மறுபக்கத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனித் தண்ணீர்க் கிண்ணம், தீவனத் தட்டு. எப்போதும் பழையவற்றுக்கு முதலில் தீனி வையுங்கள். புதியவற்றுக்குப் பிறகு வையுங்கள். ஏன்? கிருமி உங்கள் கையிலும் காலிலும் ஏறித்தான் போகும். புதியவற்றைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தினமும் எச்சத்தைக் கவனியுங்கள். பழுப்பு நிறத்தின் மேல் வெள்ளைப் பூச்சு இருந்தால் நல்லது. அந்த வெள்ளை யூரிக் அமிலம். பறவையின் சிறுநீர் அதுதான். இரத்தம் கலந்தோ, பச்சையாக நீர்த்தோ இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தும்மல், வீங்கிய கண், சிலிர்த்த இறகு, தீனி எடுக்காமை ஆகியவையும் எச்சரிக்கைகளே. வாரம் ஒருமுறை மளிகைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். நோயை வாய் சொல்லாவிட்டாலும் எடை சொல்லிவிடும்.

பல காடைகள் திடீரென்று ஒன்றாக இறந்தால் அவற்றைக் கையால் தொடாதீர்கள். பெரியவர்களிடமும் கால்நடை மருத்துவரிடமும் உடனே தெரிவியுங்கள்.

நான்காவது வாரம்: பார்க்கலாம், தொட முடியாது

நோய் இல்லையென்று தெரிந்த பிறகு பழகவிடும் வேலை தொடங்குகிறது. பெரிய கூண்டின் நடுவே கம்பிவலைத் தடுப்பு வைத்து, ஒருபுறம் பழையவை, மறுபுறம் புதியவை என்று ஒரு வாரம் விடுங்கள். அவை ஒன்றையொன்று பார்க்கும்; குரல் கேட்கும்; வலை அருகே தீனியும் தின்னும். ஆனால் கொத்த முடியாது.

வெறும் பார்வையால் என்ன பயன்? கேம்பிரிட்ஜில் பேட்சன் என்ற விஞ்ஞானி ஜப்பானியக் காடைகளை வைத்து ஒரு சோதனை செய்து, 1982இல் வெளியிட்டார. கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னால் பல காடைகளை வைத்து, ஒரு காடை எந்தச் சன்னல் அருகே அதிக நேரம் நிற்கிறது என்று பார்த்தார். அது தன்னோடு வளர்ந்த உடன்பிறப்பை நாடவில்லை. உறவே இல்லாத அந்நியரையும் அவ்வளவாக நாடவில்லை. முன்பு பார்த்திராத ஒன்றுவிட்ட உறவின் அருகேதான் அதிகம் நின்றது! நமக்கு எல்லாக் காடையும் ஒன்றுபோல் தெரியலாம். காடைக்கு அப்படியில்லை. பார்வையாலேயே அது ஆளுக்கு ஆள் வேறுபாடு காண்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? ஒரு வாரம் பார்த்துப் பழகிய முகம், பிறகு முழு அந்நியமாக இருக்காது.

ஒன்று சேர்க்கும் நாள்

முதலில் கூண்டை மாற்றியமைக்க வேண்டும். உமியை அள்ளிவிட்டுப் புதிதாகப் பரப்புங்கள். தீனித் தட்டின் இடத்தை மாற்றுங்கள். இரண்டு ஓட்டுத் துண்டுகள், வைக்கோல் கற்றை, உடைந்த மண்சட்டி ஆகியவற்றை மறைவிடமாக வையுங்கள். இப்போது அது பழையவற்றுக்கும் புதிய வீடு. ‘இது என் இடம்’ என்ற உரிமை எதற்கும் இராது. துரத்தப்பட்ட காடை சட்டிக்குப் பின்னால் ஒளிந்தால், துரத்தியது மறந்துவிடும்.

தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒரே இடத்தில் இருந்தால் வலியது அதை மறித்துக்கொண்டு நிற்கும். ஒரு தட்டில் ஆற்று மணலைக் கொட்டி வையுங்கள். மணலில் புரண்டு குளிப்பதில் காடைகளுக்குத் தனி இன்பம். பண்ணைகளில் ஒரு சதுர அடியில் பல காடைகளை அடைத்து வளர்ப்பார்கள். நீங்கள் ஒரு காடைக்கு ஒரு சதுர அடி கொடுங்கள். நெருக்கமே பாதிச் சண்டைக்குக் காரணம்.

புதியவற்றை ஒவ்வொன்றாக விடாதீர்கள். நான்கையும் சேர்த்தே விடுங்கள். ஒன்றை மட்டும் விட்டால் ஆறு காடைகளின் கொத்தும் அந்த ஒன்றின் தலையில்தான் விழும். நான்கு இருந்தால் அது நான்காகப் பிரியும். எல்லாம் ஆறு வாரத்தைத் தாண்டி, ஏறத்தாழ ஒரே பருமனில் இருப்பதும் முக்கியம்.

பொழுது சாயும் நேரத்தில் விட்டால், சிறிது நேரத்தில் இருட்டி எல்லாம் அடங்கிவிடும். ஆனால் மறுநாள் விடியும்போது நீங்கள் கூண்டருகே இருக்க வேண்டும். ஆகவே பள்ளி விடுமுறைக்கு முந்தைய மாலைதான் நல்ல நேரம்.

எது சண்டை, எது விளையாட்டு?

துரத்துவதும், ஓரிரு கொத்தும் இயல்பு. வரிசை முடிவாகிறது என்று பொருள். சில நாளில் அடங்கிவிடும். ஆனால் இரத்தம் தெரிந்தால் உடனே தலையிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றக் காடைகளும் அங்கேயே கொத்தும். காயம்பட்டதை எடுத்து, உப்புநீரில் புண்ணைக் கழுவி, ஆறும்வரை தனியே வையுங்கள்.

காயமில்லாமல் ஒரே ஒரு போக்கிரிக் காடை மட்டும் எல்லாவற்றையும் விரட்டினால்? அடிபடுவதை அல்ல, அடிப்பதை வெளியே எடுங்கள்! இரண்டு மூன்று நாள் அது இல்லாதபோது மற்றவை தமக்குள் வரிசை அமைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது போக்கிரிதான் புதியவன்.

ஆண்களின் எண்ணிக்கையிலும் கவனம் தேவை. மூன்று வாரத்துக்கு மேல் வயதான காடையின் மார்பைப் பாருங்கள். புள்ளியில்லாத செம்பழுப்பாக இருந்தால் ஆண். வெளிறிய நிறத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் பெண். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்பது நல்ல கணக்கு. நம் கூண்டில் இப்போது இரண்டு ஆணும் எட்டுப் பெண்ணும், சரியாகத்தான் இருக்கிறது. ஆண்கள் மிகுந்தால் பெண்களின் முதுகு இறகு உதிர்ந்துபோகும்.

இன்னும் ஒன்று. பயந்த காடை பக்கவாட்டில் ஓடாமல் செங்குத்தாக மேலே பாயும். கூரை நடுத்தர உயரத்தில் இருந்தால் வேகமாக மோதி மண்டை உடையும். ஓர் அடிக்கும் குறைவாகவோ, ஆள் உயரத்துக்கு மேலாகவோ வையுங்கள். இல்லையென்றால் கூரையின் உட்புறம் சாக்குத் துணியைத் தொங்கக் கட்டுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒவ்வொரு காடையின் காலிலும் வேறு வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பத்துக்குப் பத்துக் கட்டம் போடுங்கள். தினமும் காலை பதினைந்து நிமிடம் கூண்டருகே அசையாமல் உட்கார்ந்து, யார் யாரைக் கொத்தியது என்று குறியுங்கள். முதல் நாள் கட்டமெல்லாம் நிறைந்திருக்கும். நாளாக ஆகக் குறிகள் குறைவதைப் பார்ப்பீர்கள். எந்த நாளில் கூண்டு அமைதியானது? யார் முதல்வர்? பழையவரா, புதியவரா?

நார்வே நாட்டுச் சிறுவனிடமும் இருந்தது ஒரு நோட்டும் பொறுமையும்தான். உங்களிடம் கூடுதலாகப் பத்துக் காடைகளும் இருக்கின்றன!