தைலமரத்துக்குச் சட்டம் இல்லை

சுற்றுச்சூழலைக் காப்பதில் அரசியல் தலைமை என்று ஆசிரியர் குழு தலைப்புக் கொடுத்துவிட்டது. புதுக்கோட்டைக்காரர்களிடம் கேட்டால் நெடுவாசல் போராட்டத்தைத்தான் சொல்வார்கள்.

ஹைட்ரோகார்பன் எடுக்க, நெடுவாசலும் அடங்கிய 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு டெல்லி ஒப்புதல் தந்தது 2017 பிப்ரவரி 15இல். மறுநாளே ஊர் திரண்டுவிட்டது. போராட்டம் நடந்த நாடியம்மன் கோயில் திடலுக்குக் கட்சிக்கொடிகள் பிறகுதான் வந்தன. 22 நாளில் அரசின் வாக்குறுதியை நம்பி எழுந்தவர்கள், மார்ச் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஏப்ரல் 12இல் மறுபடி உட்கார்ந்தார்கள். எரிபொருள் இறக்குமதிச் செலவு குறையுமே என்ற வாதமும் இருந்தது. திடலில் அது எடுபடவில்லை.

எப்படி எடுபடும்? நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு, வாணக்கன்காடு பக்கம் முன்பே தோண்டிவிட்டுப் போன எண்ணெய்க் கிணறுகளை அவர்கள் தினமும் பார்த்துவந்தார்கள். பலாவும் வாழையும் பூவும் விளையும் செம்மண் கொல்லைகள் அந்த ஊர்கள். போர்வெல் தண்ணீர் போனால் எல்லாம் போச்சு.

இத்தகைய கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2020 பிப்ரவரி 20இல். மூன்று வருடம் கழித்து! மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஆகிய ஐந்துக்கு மட்டும் இடம். சட்டம் வருவதற்கு முன்பே நடந்துவரும் திட்டங்களை அது தொடாது. 2021 ஜூனில் இதே மாவட்டத்தின் வடதெரு எண்ணெய் ஏல அறிவிப்பில் வந்தபோது, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

என் கவலை வேறு. அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய்த் துரப்பணம் உண்டு, தாமிர உருக்காலை உண்டு, தோல் பதனிடுதலும் உண்டு. தைலமரம் இல்லை. தொழிற்சாலைப் பட்டியலில் மரத்தைத் தேடுகிறாயே என்பீர்கள். காகித ஆலைக்காக வளர்க்கும் மரம் ஐயா, அதுவும் தொழில்தான்! காப்புக்காட்டில் வரிசையாக நட்டு, பெய்கிற மழை வெளியே போகாமல் வரப்புப் போட்டுவிடுகிறார்கள் என்பது கண்மாய்ப் பாசனக்காரர்களின் பழைய புகார். வரத்து நின்றால் கண்மாய் காயும். கண்மாய் காய்ந்தால் போர் இன்னும் கீழே இறங்கும். நெடுவாசல் பயந்தது எந்தத் தண்ணீருக்கோ, அதே தண்ணீர்தான்.

கஜா புயலுக்கு அடுத்த வருடம், 2019இல், கொத்தமங்கலம் இளைஞர்கள் அரசுக்குக் காத்திருக்காமல் சொந்தக் காசில் நீர்நிலைகளைத் தூர் வாரினார்கள். ஊர்க்குளத்தில் மண்வெட்டி போட அவர்களால் முடியும். காட்டு வரப்பில் போட்டால் வழக்கு.